ட்ரோன் காலத்தில் மகளை என்டிஏ-வுக்கு அனுப்பலாமா? ஒரு தந்தைக்குப் பதில்

அண்ணா, வணக்கம்.

போன சனிக்கிழமை அடுத்த குடும்பம் வாசலில் காத்திருந்ததால் உங்களுக்கும் பாப்பாவுக்கும் பாதி பதில்தான் சொன்னேன். அது மனசை அரித்துக்கொண்டே இருந்தது. ட்ரோன் வந்த பிறகும் பிள்ளையை என்டிஏ-வுக்கு, அதாவது முப்படை அதிகாரிகளை உருவாக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு, அனுப்பலாமா என்ற இதே கேள்வியோடு இந்த வருஷம் இன்னும் சில பெற்றோர் என்னிடம் படிப்பு ஆலோசனைக்கு வந்தார்கள். அதனால் உங்கள் பெயரை எடுத்துவிட்டு, எல்லோரும் படிக்கும்படியே மீதியை எழுதுகிறேன்.

நீங்கள் போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினீர்கள். இரவு நேரம், கருப்பு வெள்ளைப் படம். தண்ணீரை உரசியபடி ஒரு கேமரா ஓடுகிறது. எதிரே ஒரு போர்க்கப்பல் பெரிதாகிக்கொண்டே வருகிறது. அதன் பக்கவாட்டு இரும்பு திரையை நிறைக்கும்போது படம் அணைந்துவிடுகிறது. “ஆளே இல்லாத மோட்டார் படகு இத்தனை பெரிய கப்பலைக் கவுத்துடுது மேடம். இனி கப்பலுக்கும் விமானத்துக்கும் என்ன வேலை? இவ என்டிஏ, என்டிஏங்கறா. பேசாம ட்ரோன் படிப்புல சேர்த்துடலாம்னு பார்க்கறேன்” என்றீர்கள். பாப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. கணக்குப் புத்தகத்தின் மூலையை மடிப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தாள்.

உங்கள் பயத்தை வாட்ஸ்அப் பயம் என்று நான் தள்ளிவிடவில்லை. கருங்கடலில் நடந்தது நிஜம். 2022 ஏப்ரல் 14 அன்று ரஷ்யாவின் மாஸ்க்வா போர்க்கப்பல் மூழ்கியது. 186 மீட்டர் நீளம், கருங்கடல் படையின் தலைமைக் கப்பல். கரையிலிருந்து ஏவிய இரண்டு நெப்டியூன் ஏவுகணைகள் அதை அடித்ததாக உக்ரைன் சொன்னது. கப்பலில் தீப்பிடித்ததுதான் காரணம் என்றது ரஷ்யா. 2024 பிப்ரவரியில் உக்ரைனின் ஆளில்லாப் படகுகள் முதலில் இவானவெத்ஸ் என்ற ஏவுகணைக் கப்பலையும், இரண்டு வாரத்தில் ஸீசர் குனிகொவ் என்ற தரையிறக்கக் கப்பலையும் மூழ்கடித்தன. சொல்லிக்கொள்ளும்படியான பெரிய போர்க்கப்பல் ஒன்றுகூட இல்லாத நாடு, ரஷ்யக் கடற்படையின் பெரும்பகுதியைக் கிரிமியாவின் செவஸ்தபோல் தளத்தை விட்டு நொவொரொஸ்ஸீஸ்க் துறைமுகத்துக்கு ஒதுங்கவைத்தது. விமானங்களும் தப்பவில்லை. 2025 ஜூன் 1 அன்று லாரிகளில் ஒளித்துக் கொண்டுபோன 117 ட்ரோன்களை விட்டு, சைபீரியா வரைக்கும் உள்ள விமானத் தளங்களில் நின்றிருந்த குண்டுவீச்சு விமானங்களைத் தாக்கினார்கள்.

இதை மட்டும் பார்த்தால் நீங்கள் சொன்னதுதான் சரி. ஆனால் உக்ரைனில் ட்ரோன் ஏன் இவ்வளவு ஓங்கியது என்று ஒரு படி உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அங்கே இரண்டு பக்கமும் வலுவான வான் பாதுகாப்பு ஏவுகணைகள் இருக்கின்றன. எந்தப் பக்க விமானியாலும் எதிரியின் தலைக்கு மேல் துணிந்து பறக்க முடியவில்லை. வானம் யார் கைக்கும் வராததால் போர் பதுங்குகுழிக்கு இறங்கியது. பீரங்கியும் ட்ரோனும் அந்த இடத்தை நிரப்பின.

அதே 2025 ஜூனில் ஈரானில் நடந்ததோ நேர் எதிர். இஸ்ரேல் முதல் நாளிலேயே வான் பாதுகாப்பை உடைத்தது. அதற்கு ஈரானுக்குள்ளேயே ஒளித்து வைத்திருந்த ட்ரோன்களும் உதவின. அதன் பிறகு விமானி உட்கார்ந்து ஓட்டும் விமானங்கள் தெஹ்ரான் வரை போய்வந்தன. ஜூன் 22 அன்று அமெரிக்காவின் ஏழு பி-2 குண்டுவீச்சு விமானங்கள் மிசௌரியிலிருந்து கிளம்பி, ஏறக்குறைய 37 மணி நேரம் பறந்து, 14 பெருங்குண்டுகளைப் போட்டுத் திரும்பின. ஒவ்வொரு குண்டும் 13 டன்னுக்கு மேல். மலைக்கு அடியில் இருக்கும் ஃபோர்டோ அணுசக்தி நிலையத்துக்கு அப்படிப்பட்ட எடையைச் சுமந்துபோகக்கூடிய ட்ரோன் இன்றைக்குக் கிடையாது.

ஆக, விமானமா ட்ரோனா என்று தராசில் வைக்கிற கணக்கு இது இல்லை. துணையில்லாமல் தனியாகப் போய் நிற்கிற பெரிய விமானத்துக்கும் பெரிய கப்பலுக்கும்தான் காலம் முடிகிறது. ரேடார், எதிரியின் சிக்னலைக் குழப்பும் மின்னணுப் போர்முறை, வான் பாதுகாப்பு, ட்ரோன் எல்லாம் சூழ ஒரே வலையாக இயங்குபவை நிற்கும். பாப்பா எதைப் படிக்க வேண்டும் என்பதற்கும் என் பதில் இங்கிருந்துதான் வருகிறது.

நம் நாட்டிலேயே பார்த்தோம். ஆபரேஷன் சிந்தூர் சமயத்தில், 2025 மே 8 இரவு, 36 இடங்களை நோக்கி பாகிஸ்தானிலிருந்து 300 முதல் 400 ட்ரோன்கள் வந்ததாக நமது ராணுவம் சொன்னது. அவற்றைச் சுட்டு வீழ்த்தியதில் எஸ்-400, ஆகாஷ் ஏவுகணைகளோடு, பல பத்தாண்டுகளாக நம்மிடம் இருக்கும் எல்-70 பீரங்கிகளுக்கும் பங்கு உண்டு. பழைய பீரங்கிதான், ஆனால் புது ரேடாரும் புது கேமராவும் பொருத்தி வைத்திருந்தார்கள். நம் விமானங்களுக்கும் இழப்பு இருந்தது. முதல் நாள் நடந்த தவறைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டு, இரண்டு நாளில் எல்லா விமானங்களையும் மறுபடி பறக்கவிட்டோம் என்று முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌஹான் அந்த மாதக் கடைசியில் சிங்கப்பூரில் வெளிப்படையாகவே சொன்னார். அந்த இரண்டு நாள் வேலையை நினைத்துப் பாருங்கள் அண்ணா. என்ன நடந்தது என்று பதிவுகளை அலசி, உத்தியை மாற்றி, அதற்குள் மறுபடி பறக்கவிட வேண்டும். அதைச் செய்தவர்கள் படித்த, பயிற்சி பெற்ற மனிதர்கள்.

கப்பலைப் பற்றி இன்னொன்று. சண்டை நடக்காத நாளில் அது என்ன செய்கிறது என்று யாரும் வீடியோ போடுவதில்லை. 2024 மார்ச்சில் சோமாலியக் கொள்ளையர் பிடித்துவைத்திருந்த ரூவென் என்ற சரக்குக் கப்பலை நமது போர்க்கப்பல் ஐஎன்எஸ் கொல்கத்தா நம் கரையிலிருந்து 2,600 கிலோமீட்டர் தள்ளி மறித்தது. சுமார் 40 மணி நேரம். கப்பலிலிருந்து அனுப்பிய ட்ரோனைக் கொள்ளையர் சுட்டு வீழ்த்திவிட்டார்கள். அப்புறம் சி-17 விமானத்திலிருந்து கமாண்டோக்கள் பாராசூட்டில் இறங்கினார்கள். 35 கொள்ளையர் சரணடைந்தனர், மாலுமிகள் 17 பேரும் காயமின்றி மீட்கப்பட்டனர். ட்ரோன், விமானம், கப்பல், ஆட்கள் நான்கும் சேர்ந்து செய்த வேலை இது. ட்ரோன் போன பிறகும் கப்பல் அங்கேயே நின்றது, அதனால்தான் காரியம் முடிந்தது.

செங்கடலில் வேறொரு தலைவலி. யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் அனுப்பிய சில ஆயிரம் டாலர் ட்ரோனை வீழ்த்த அமெரிக்கக் கப்பல்கள் ஏறக்குறைய இருபது லட்சம் டாலர் ஏவுகணைகளைச் செலவழித்தன. போதாக்குறைக்கு, கப்பலில் ஏவுகணைகளை வைத்திருக்கும் செங்குத்து ஏவுகுழாய்கள் காலியானால் நடுக்கடலில் நிரப்ப முடியாது, துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டும். இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் லேசர் ஆயுதத்தில் இவ்வளவு முனைப்பு. நமது பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ 2025 ஏப்ரலில் கர்னூலில் 30 கிலோவாட் லேசரால் ட்ரோன்களை வீழ்த்திக் காட்டியது. பாப்பாவுக்கு இயற்பியலில் ஒளியியல் பாடம் பிடிக்கும் என்று சொன்னாள் இல்லையா, அது எங்கே போய்ச் சேரும் என்று அவளிடம் சொல்லுங்கள்.

“விமானியின் காலம் முடிந்தது” என்பது இன்றைக்குக் கிளம்பிய பேச்சும் இல்லை. 1957-ல் பிரிட்டன் அரசே பாதுகாப்பு வெள்ளை அறிக்கையில், இனி எல்லாம் ஏவுகணைதான், ஆள் ஓட்டும் சண்டை விமானம் தேவைப்படாது என்ற கணிப்பில் பல விமானத் திட்டங்களைக் கைவிட்டது. இன்றைக்கும் அவர்கள் ஆள் ஓட்டும் விமானத்தைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சின்னப் படகு பெரிய கப்பலைக் கவிழ்ப்பதும் புதிதல்ல. 1971 டிசம்பர் 4 இரவு கராச்சியைத் தாக்கியவை நமது சின்ன ஏவுகணைப் படகுகள்தான். பாகிஸ்தானின் கைபர் கப்பல் மூழ்கியது. அந்த நாளைத்தான் கடற்படை தினமாகக் கொண்டாடுகிறோம். ஆனால் அந்தப் படகுகளால் தனியாக அவ்வளவு தூரம் போக முடியாது. பெரிய ரேடார் உள்ள கில்டன், கச்சல் என்ற இரண்டு கப்பல்களும் ஒரு எண்ணெய்க் கப்பலும் துணைக்குப் போயின.

சரி, வேலை இருக்குமா? 2025 செப்டம்பர் 26 அன்று மிக்-21 போர் விமானத்துக்கு சண்டிகரில் விடைகொடுத்தார்கள், 62 வருட சேவை. அதற்கு முந்தின நாள்தான் 97 தேஜஸ் மார்க்-1ஏ போர் விமானங்கள் வாங்க 62,370 கோடி ரூபாய்க்கு எச்ஏஎல் நிறுவனத்தோடு கையெழுத்தானது. விமானப்படைக்கு 42 படையணிகளுக்கு அனுமதி உண்டு, மிக்-21 போன பிறகு இருப்பது 29. பாப்பா என்டிஏ முடித்து, துண்டிகல் விமானப்படை அகாடமியில் பறக்கப் பழகி, அதிகாரியாகும்போது 2030 தாண்டியிருக்கும். அவள் இருக்கையில் உட்கார்ந்தபடி தன்னோடு பறக்கும் ஆளில்லா விமானங்களையும் சேர்த்து நடத்த வேண்டியிருக்கலாம். அதற்குத் தேவைப்படும் கணக்கும் இயற்பியலும் இப்போது அவள் கையில் இருக்கும் புத்தகத்திலேயே இருக்கிறது. உங்கள் பட்டறையில் கணினி இயக்கும் சிஎன்சி மெஷின் வந்தபோது நடந்ததை நீங்களே சொன்னீர்கள்: கைப்பழக்கம் மட்டும் இருந்தவர் திணறினார், டிராயிங் படிக்கவும் உலோகத்தின் குணமும் தெரிந்தவர் ஆறு மாதத்தில் புது மெஷினைப் பிடித்துக்கொண்டார்.

அதனால்தான் அந்த ட்ரோன் படிப்பு வேண்டாம் என்கிறேன். ட்ரோன் வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. ட்ரோன் ஓட்டுவதற்கான ரிமோட் பைலட் சான்றிதழுக்கு பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் போதும். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த மையத்தில் ஏறக்குறைய ஒரு வாரப் பயிற்சி. அதைக் கல்லூரி லீவில் எடுத்துக்கொள்ளலாம். மூன்று வருஷத்தையும் சில லட்சங்களையும் அதற்கே கொடுக்கத் தேவையில்லை. போன வருஷம் ஒரு பையன் பெரிய தொகை கட்டிச் சேர்ந்தான். முடித்த பிறகுதான் அந்த மையத்துக்கு அங்கீகாரமே இல்லை என்று தெரிந்தது. அவன் அம்மா என் முன்னால் உட்கார்ந்து அழுததை நான் இன்னும் மறக்கவில்லை. எங்கே பணம் கட்டினாலும் முதலில் டிஜிசிஏ-யின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் அந்த மையத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பாப்பா இப்போது ப்ளஸ் ஒன். ப்ளஸ் டூ படிக்கும்போதே என்டிஏ எழுதலாம். விமானப்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றும் வேண்டும், அவளுக்கு இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு தேர்வு. எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண், படைத் தேர்வு வாரியம் நடத்தும் எஸ்எஸ்பி நேர்காணலுக்கும் அதே 900. எழுத்தில் தேறி எஸ்எஸ்பி-யில் திரும்பி வருபவர்கள்தான் அதிகம், அதை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விமானி ஆவதற்கான கணினித் தேர்வு ஒன்று தனியாக உண்டு. அது வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான். தேறாவிட்டால் பறக்கும் பிரிவு கிடையாது, மற்றப் பிரிவுகள் உண்டு. கண், உயரம், கால் நீளம் எல்லாம் பார்ப்பார்கள். அதனால் கோச்சிங்கில் பணம் கட்டும் முன் ஒரு நல்ல கண் மருத்துவரிடம் போய்வாருங்கள். பெண் பிள்ளைகளை எடுப்பார்களா என்று அண்ணி கேட்டார்களாம். 2022-ல் முதல் பெண்கள் அணி சேர்ந்து, 2025 மே மாதம் 17 பேர் முடித்து வெளியே வந்துவிட்டார்கள்.

கூடவே பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினையும் எழுதச் சொல்லுங்கள். ப்ளஸ் டூவில் அந்த மூன்று பாடத்தில் 70 சதவீதமும் ஜேஇஇ தரவரிசையும் இருந்தால், கடற்படையின் பி.டெக் நுழைவுக்கு விண்ணப்பிக்கலாம். கேரளாவில் எழிமலை கடற்படை அகாடமியில் நான்கு வருஷம், செலவு கடற்படையுடையது. அதுவும் அமையாவிட்டால் குரோம்பேட்டை எம்ஐடி-யில் ஏரோநாட்டிக்கல், சென்னை ஐஐடி-யில் கப்பல் கட்டுமானம், அல்லது எங்கேயாவது ஒரு நல்ல கல்லூரியில் இசிஇ என்ற மின்னணு, தகவல்தொடர்புப் பொறியியல். என்னைக் கேட்டால், இந்தப் போர்களைப் பார்த்த பிறகு இசிஇ-யை முதலில் வைப்பேன். ரேடாரும் சிக்னலும்தான் இன்றைக்கு எல்லாவற்றுக்கும் நரம்பு. பட்டம் வாங்கிய பிறகு 24 வயதுக்குள் விமானப்படையின் அஃப்காட் தேர்வு வழியாகப் பறக்கும் பிரிவுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கும். அக்னிவீர் என்பது இந்த வழிகளில் சேராது. அது நான்கு வருஷப் பணி, அதிகாரி வேலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். பாப்பா தண்ணீர் குடிக்க வெளியே போனபோது நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள்: “சூலூருக்குப் பெட்டி வந்த அன்னைக்கு நானும் டிவியில பார்த்தேன் மேடம்.” 2025 நவம்பர் 21, துபாய் விமானக் காட்சியில் தேஜஸ் விழுந்து உயிர்விட்ட விங் கமாண்டர் சூலூர் படையணியைச் சேர்ந்தவர். அவர் உடல் முதலில் சூலூருக்குத்தான் வந்தது. ட்ரோன் வீடியோவுக்குப் பின்னால் உங்களுக்குள் இருந்த பயம் இதுதான் என்று எனக்கு அப்போதே புரிந்தது. இதற்கு என்னிடம் ஆறுதல் பதில் இல்லை அண்ணா. ஆபத்து உண்டு. சமாதான காலத்திலும் உண்டு. ட்ரோன் வந்ததால் அது குறைந்துவிடும் என்று சொல்லி உங்கள் மகளை அனுப்பச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் “விமானத்துக்கு எதிர்காலமே இல்லை” என்று சொல்லி அவளைத் தடுக்காதீர்கள். அது உண்மை இல்லை, அவளும் படித்துத் தெரிந்துகொள்வாள். உங்களுக்குப் பயமாக இருக்கிறது என்பதை அப்படியே சொல்லிவிடுங்கள். அவள் அதைக் கேட்டுவிட்டு முடிவெடுக்கட்டும்.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறேன். அண்ணியையும் கூட்டி வாருங்கள். பாப்பாவின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழும் கண் பரிசோதனைச் சீட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.