மூடாத டேக்குகள் நிறைந்த பக்கத்திலிருந்து ஹாஸ்கெல்லில் அட்டவணையை எடுப்பது எப்படி?

டேக்குகளை ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய மரமாகக் கட்டாதீர்கள், பட்டியலாகவே வைத்துக்கொண்டு வெட்டுங்கள். சுருக்கமான பதில் இதுதான்.

எக்ஸ்எம்எல் பார்சரில் கொடுத்தால் பாதியிலேயே பிழை காட்டி நின்றுவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்கத்தான் செய்யும். எக்ஸ்எம்எல்லில் திறந்த டேக்கை மூடியே ஆகவேண்டும். எச்டிஎம்எல்லில் டிஆர் (அட்டவணை வரிசை), டிடி (கட்டம்), எல்ஐ (பட்டியல் உருப்படி) போன்றவற்றை மூடாமல் விட விதியே இடம் கொடுக்கிறது. பக்கத்தை எழுதியவரைத் திட்டுவதில் பாதி நியாயம்தான் உண்டு.

நான் இருப்பது சேலம். மாமாவுக்கு மேட்டூர் கிழக்குக்கரை வாய்க்கால் பாசனத்தில் நிலம். ஆகஸ்ட் 1 நெருங்கினால் போதும், "மாப்ள, அணையில தண்ணி எத்தன அடி?" என்று காலையிலேயே போன் வந்துவிடும். நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம், இருப்பு நான்கையும் ஒரு பக்கத்திலிருந்து எடுத்து அவருக்கு அனுப்பச் சின்னதாக ஒரு நிரல் எழுதி வைத்திருக்கிறேன். பக்கம் யாருடையது என்பது இங்கே வேண்டாம். டேக் பெயர்கள் பாதி பெரிய எழுத்து, பாதி சின்ன எழுத்து. டிஆரை மூடும் பழக்கமே அவர்களுக்குக் கிடையாது.

நான் பயன்படுத்துவது நீல் மிட்செல் எழுதிய டேக்சூப் என்ற ஹாஸ்கெல் நூலகம். அதன் பார்ஸ்டேக்ஸ் சார்பு எந்தக் குப்பையைக் கொடுத்தாலும் பிழை சொல்லாது. திறப்பு, உரை, மூடல் என்று வந்த வரிசையிலேயே ஒரு தட்டையான பட்டியலைத் திருப்பித் தரும். எதற்குள் எது என்ற கேள்வியே அங்கே எழாது. பட்டியல் என்று ஆகிவிட்டால் ஃபில்டர், டிராப்வைல், மேப் எல்லாம் நாம் தினமும் புழங்குகிற சாமான்கள்தானே.

முதல் வேலையாகக் கனானிக்கலைஸ்டேக்ஸ் வழியாக அனுப்பி டேக் பெயர்களைச் சின்ன எழுத்தாக்குங்கள். இல்லாவிட்டால் பாதி வரிசைகள் சத்தமில்லாமல் விடுபடும். அடுத்து பார்டிஷன்ஸ். டிஆர் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் பட்டியலை வெட்டி, அடுத்த டிஆர் வரைக்கும் ஒரு துண்டாகத் தரும். மூடலை நாம் பார்ப்பதே இல்லை, அதனால் அது இல்லாதது ஒரு குறையே அல்ல. ஒவ்வொரு துண்டையும் அதேபோல டிடியில் வெட்டி, இன்னர்டெக்ஸ்ட் போட்டால் கட்டத்தில் உள்ள எழுத்து கைக்கு வந்துவிடும். ஒப்பிடுவதற்கு ~== இருக்கிறது; நீங்கள் குறிப்பிட்ட பண்புகளை மட்டும் சரிபார்க்கும், கூடுதலாக இருப்பவற்றைக் கண்டுகொள்ளாது. ஓவர்லோடட்ஸ்ட்ரிங்ஸ் என்ற மொழி நீட்சியைப் போட்டிருந்தால் வகை தெளிவில்லை என்று கம்பைலர் முனகும், ஸ்ட்ரிங் என்று வகையைக் குறித்துவிடுங்கள்.

கவனிக்க வேண்டியது கடைசி வரிசை. அதற்குப் பின் டிஆர் கிடையாது என்பதால் பக்கத்தின் அடிவரை எல்லாமே அந்தத் துண்டில் ஒட்டிக்கொள்ளும். அணையின் இருப்போடு ஜாவாஸ்கிரிப்ட் வரிகளும் சேர்ந்து வரும். டேபிளை மூடும் டேக்கை யாரும் அவ்வளவாக மறப்பதில்லை; அதுவரை டேக்வைல் போட்டு நறுக்கிவிட்டு பிறகு பிரித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பக்கம் என்றால் தலைவலி தனி. ஹாஸ்கெல்லின் ஈஸ்ஆல்ஃபா உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணாது. "மேட்டூர்" என்பதை அதில் வடிகட்டினால் "மடடர" என்று வரும். ஈஸ்மார்க்கையும் சேர்த்துக் கேளுங்கள். "கொள்ளளவு" என்ற தலைப்பைத் தேடுகிறீர்களா? கொ-வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் போடலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், == பொய் என்று சொல்லும். தேடும் முன் இரண்டு பக்கமும் என்எஃப்சி என்ற யூனிகோட் சீர்வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். என்பிஎஸ்பி என்ற உடையா இடைவெளியைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம், வேர்ட்ஸ் அதையும் இடைவெளியாகவே எடுத்துக்கொள்ளும்.

எண்களுக்கு ரீட் வேண்டவே வேண்டாம், ரீட்மேபி போடுங்கள். "14,230" என்பதில் கமாவை முதலில் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் நத்திங்தான், அதாவது மதிப்பே கிடைக்காது. எண் கிடைத்ததோடு விட்டுவிடவும் கூடாது. பக்கத்தில் ஒரு நெடுவரிசையை இடம் மாற்றினால் வரத்து வந்து மட்டத்தின் இடத்தில் உட்காரும், நிரலோ வாய் திறக்காது. மேட்டூரின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி, 93.47 டி.எம்.சி. மட்டம் 130-ஐத் தாண்டினால் லெஃப்ட் (பிழை) திருப்பு என்று எழுதி வைத்திருக்கிறேன். மாமாவுக்குத் தவறான மட்டம் போவதைவிட ஒன்றும் போகாமல் இருப்பது மேல். ஏன் வரவில்லை என்று திட்டுவார், அவ்வளவுதான்.

பார்டிஷன்ஸ் சறுக்கும் ஒரு இடம் உண்டு: டேபிளுக்குள் டேபிள். உள் டேபிளின் டிஆரிலும் வெட்டிவிடும். அந்தப் பக்கத்தில் டேக்குகள் ஒழுங்காக மூடியிருந்தால், டேக்சூப் மேலேயே கட்டிய ஸ்கால்பெல் நூலகத்தின் பக்கம் போங்கள், உள்ளடுக்கை அது பார்த்துக்கொள்ளும்.

பக்கத்தைப் பிரவுசரின் இன்ஸ்பெக்ட்டில் பார்க்காதீர்கள். அங்கே தெரிவது பிரவுசர் பழுது பார்த்த வடிவம். மூலத்தில் இல்லாத டிபாடி கூட முளைத்திருக்கும். வியூ சோர்ஸில் பாருங்கள். எண்கள் அங்கே இல்லவே இல்லை என்றால் ஜாவாஸ்கிரிப்ட் வேறெங்கிருந்தோ கொண்டுவருகிறது என்று அர்த்தம். நெட்வொர்க் டேப்பில் ஜேசன் முகவரியைத் தேடி எடுங்கள், பார்சரே தேவைப்படாது.