தேர்தல் விவாதத்துக்குத் தலைவர் தான் வராமல் வேறொருவரை அனுப்புவது ஏன்?

தொலைக்காட்சி விவாதத்தில் கட்சித் தலைவர் நிற்க வேண்டிய இடத்தில் சக அமைச்சரோ கூட்டணிக்காரரோ நிற்பதைத்தான் இப்படிச் சொல்கிறோம். முன்னிலையில் இருப்பவருக்கு அந்த மேடையில் லாபம் குறைவு, வாய் தவறினால் நஷ்டம் அதிகம். பங்காளிச் சண்டைப் பஞ்சாயத்துக்கு மச்சானை அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துகொள்வது மாதிரி, திட்டு மச்சானுக்கு.

2017 மே 31 அன்று பிபிசி விவாதத்துக்கு பிரிட்டன் பிரதமர் தெரசா மே வராமல், சொந்தக் கட்சியின் உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட்டை அனுப்பினார். ரட்டின் அப்பா இறந்து இரண்டே நாள், பாவம். எதிர்க்கட்சித் தலைவர் கோர்பின் கடைசி நேரத்தில் வருவதாகச் சொல்லி வந்தும்விட்டதால், மே வராததே பெரிய பேச்சாகிவிட்டது. ஜூன் 8 தேர்தலில் மே பெரும்பான்மையை இழந்தார், அதற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம், வராவிட்டால் சட்டப்படி தப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே அப்படி எந்தச் சட்டமும் இல்லை, டிவிக்காரர்கள் கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான்.