"மழை பெய்தால் தரை நனையும். தரை நனைந்திருக்கிறது. எனவே மழை பெய்தது." இந்த வாதம் ஏன் தவறு?

முதல் வாக்கியம் ஒருவழிப் பாதை. மழையிலிருந்து ஈரத்துக்குப் போகலாம். ஈரத்திலிருந்து மழைக்குத் திரும்ப அது உரிமை தரவில்லை. தண்ணீர் லாரி கசிந்திருக்கலாம், யாராவது வாசல் தெளித்திருக்கலாம். மழையே பெய்திருந்தாலும் வாதம் தவறுதான். முடிவு சரியா என்பது வேறு, முடிவுக்கு வந்த வழி சரியா என்பது வேறு. டிவி விவாதங்களில் பாதிச் சண்டை இந்த இரண்டையும் குழப்புவதால்தான் என்பது என் எண்ணம். தரை காய்ந்திருந்தால் மட்டும் 'மழை இல்லை' என்று உறுதியாகச் சொல்லலாம்.

இதை பீட்டர் வேசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1966இல் ஒரு புதிராக்கினார். மேசையில் நான்கு அட்டைகள். மேலே தெரிபவை ஏ, டி, 4, 7. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் ஆங்கில எழுத்து, மறுபக்கம் எண். 'ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண்' என்பது விதி. அது உண்மையா என்று பார்க்க எவற்றைத் திருப்ப வேண்டும்?

பெரும்பாலோர் ஏ, 4 என்பார்கள். சரியான விடை ஏ, 7. நான்கின் பின்னால் எது இருந்தாலும் விதி உடையாது. ஏழின் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடைந்துவிடும். நாம் விதிக்கு ஆதரவானதைத் தேடுகிறோம், உடைக்கக்கூடியதை விட்டுவிடுகிறோம்.

வேடிக்கை என்னவென்றால், 1982இல் அமெரிக்காவில் இதே புதிரை 'பீர் குடித்தால் 19 வயதைத் தாண்டியிருக்க வேண்டும்' என்று மாற்றிக் கேட்டபோது மாணவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் சரியாகச் சொன்னார்கள். சின்னப் பையன் கையில் என்ன கிளாஸ் இருக்கிறது என்று பார்க்க யாரும் தர்க்கம் படிக்க வேண்டியதில்லை.