ஊசிக்காதும் பெயர்ப்பலகையும்

கேள்வி: ஐசுவரியத்தைக் குறைசொல்லியே எழுதுகிறீர்கள். ஆபிரகாமும் யோபுவும் பணக்காரர்கள்தானே? ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று இயேசு சொன்னாரே, அந்த ஊசியின் காது என்பது எருசலேமில் இருந்த ஒரு சின்ன வாசல், சுமையை இறக்கிவிட்டு முழங்காலிட்டால் ஒட்டகம் நுழைந்துவிடும் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். கர்த்தர் என்னை ஆசீர்வதித்திருக்கிறார். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் ஒரு மாதமும் தவறியதில்லை. எங்கள் ஆலயத்தின் புதிய ஒலிபெருக்கிகள் முழுக்க என் காணிக்கை. ஆனால் பலகையில் ‘ஒரு விசுவாசியின் காணிக்கை’ என்று மட்டும் எழுதிவிட்டார்கள். மனம் வலிக்கிறது. இதில் பெருமை எங்கே இருக்கிறது?
(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: முதலில் அந்த வாசலைச் சாத்திவிடுவோம். இயேசுவின் காலத்து எருசலேமில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்குச் சான்று கிடையாது. பல நூற்றாண்டுகள் கழித்து வந்த விளக்கம் அது. சரி, இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். சீஷர்கள் ஏன் மிரண்டுபோய், “அப்படியானால், யார் ரட்சிக்கப்படக்கூடும்?” என்று கேட்கிறார்கள்? ஒட்டகம் குனிந்து நுழைவதைத் தினமும் பார்த்தவர்கள் கேட்கிற கேள்வியா அது? இயேசுவும் “கொஞ்சம் குனிந்தால் போதும்” என்று சொல்லி அனுப்பவில்லை. மனுஷரால் கூடாது, தேவனால் கூடும் என்றார். ஊசி ஊசிதான். அதன் காதைப் பெரிதாக்கும் வேலையைத்தான் நாம் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

ஆபிரகாம் பணக்காரர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேய்ச்சல் நிலத்துக்குச் சண்டை வந்தபோது, நீ முதலில் எடுத்துக்கொள் என்று லோத்துவிடம் சொன்னவர் அவர். சோதோமின் ராஜா பொருளைக் கொடுக்க வந்தபோது செருப்பின் வாரைக்கூடத் தொடவில்லை. யோபுவோ, தங்கத்தைப் பார்த்து ‘நீ என் ஆதரவு’ என்று சொல்லியிருந்தால் அது என் அக்கிரமம் என்று தன்னையே கூண்டில் ஏற்றுகிறார். இவர்களைச் சாட்சிக்கு அழைக்குமுன் கொஞ்சம் யோசியுங்கள். உங்கள் பக்கம் பேசமாட்டார்கள்.

பணம் ஏன் ஆபத்து? பாவமான இடங்களுக்குக் கூட்டிப்போகும் என்பதால் மட்டுமா? அது சின்ன ஆபத்து, வெளியே தெரிந்துவிடும். பெரிய ஆபத்து வேறு. லூக்கா 12-ல் வரும் ஐசுவரியவானைப் பாருங்கள். அவன் திருடவில்லை, ஏமாற்றவில்லை; அவன் நிலம் நன்றாக விளைந்தது, அவ்வளவுதான். ஆனால் அவன் பேச்சைக் கேளுங்கள்: என் தானியம், என் களஞ்சியம், என் பொருள். கடைசியில் ‘என் ஆத்துமாவே, பூரிப்பாயிரு’ என்று தனக்குத்தானே பிரசங்கம் வேறு செய்துகொள்கிறான். அந்தப் பேச்சில் கடவுளும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரனும் இல்லை. யாரும் தேவைப்படவில்லை. வசதி மெதுவாகச் செய்கிற வேலை இதுதான்.

ஒரு ஊரே இப்படி ஆகும். இன்றைய துருக்கியில் இருந்த லவோதிக்கேயா என்ற பணக்கார ஊர் கி.பி. 60-ல் நிலநடுக்கத்தில் இடிந்தது. ரோம அரசின் கையை எதிர்பார்க்காமல், சொந்தப் பணத்திலேயே எழுந்து நின்றது என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். பாராட்ட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த ஊர்ச் சபையும் “எனக்கு ஒரு குறைவுமில்லை” என்று சொல்லப் பழகிக்கொண்டது. வெளிப்படுத்தின விசேஷம் 3-ஐத் திறந்து பாருங்கள்: ‘இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்’ என்ற வசனம் இந்தச் சபைக்குத்தான் எழுதப்பட்டது. சபை உள்ளே, ஆண்டவர் வெளியே.

பக்தி இருந்தால் இதெல்லாம் அண்டாது என்று நினைக்க வேண்டாம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய இங்கிலாந்துப் போதகர் ஜான் வெஸ்லி 1786-ல் தன் சொந்த இயக்கத்தைப் பற்றியே பயந்து எழுதினார்: பக்தி வந்தால் உழைப்பும் சிக்கனமும் வரும், அவற்றால் செல்வம் வரும், செல்வம் வந்தால் பெருமையும் உலக ஆசையும் கூடவே வரும். பக்தியே தன் குழியைத் தோண்டிக்கொள்கிறது என்கிற மாதிரி. அவர் கண்டுபிடித்த மருந்து ஒன்றே ஒன்று: கொடுத்துவிடுவது.

‘கொடுக்கிறேனே!’ என்பீர்கள். அங்கேதான் சிக்கல். “என் சம்பாத்தியத்திலெல்லாம் தசமபாகம் செலுத்திவருகிறேன்” என்று வேதத்தில் ஜெபித்தவர் யார் என்று ஞாபகம் இருக்கிறதா? தேவாலயத்தில் முன்னே நின்ற பரிசேயர், மதச் சட்டத்தை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தவர். அவர் பொய் சொல்லவில்லை. கணக்கு சரியாகவே இருந்தது. வீட்டுக்கு நீதிமானாகத் திரும்பிப் போனது மட்டும் பின்னால் நின்ற ஆயக்காரன், ஊரே பாவி என்று ஒதுக்கிய வரி வசூலிப்பவன்.

உங்களை மட்டும் குத்திக்காட்டவில்லை. எங்கள் அலுவலகத்துக்கு நன்கொடை தருகிறவர் வந்தால் நான் எழுந்து நிற்கிறேன், நாற்காலியைத் துடைத்துப் போடச் சொல்கிறேன். பழைய செருப்போடு ஒரு வாசகர் வந்தால், “கொஞ்சம் உட்காருங்கள், வேலை இருக்கிறது” என்கிறேன். பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடம், ஏழைக்குக் காலடி என்று யாக்கோபு கண்டித்ததை இந்தப் பத்திரிகையிலேயே இரண்டு முறை விளக்கி எழுதியவனும் நான்தான்! உங்களைப் போன்றவர்களுக்குப் பெருமை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பாதி என்னைப் போன்றவர்கள் ஊட்டிவிடுவது.

இனி அந்தப் பலகை. ஒலிபெருக்கி வேலை செய்கிறதா? பின்வரிசைப் பாட்டிக்கும் பிரசங்கம் கேட்கிறதா? அப்படியானால் காணிக்கை போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச்சேர்ந்துவிட்டது. வலிப்பது, சேராமல் உங்களிடமே தங்கிவிட்ட மிச்சம். அதையும் கொடுத்துவிடுங்கள்.

இந்தக் கேள்விக்குக் கீழே உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று இரண்டு இடத்தில் அடிக்கோடிட்டுக் கேட்டிருந்தீர்கள். போடவில்லை. உங்கள் போதகரும் அதைத்தானே செய்திருக்கிறார்?