கையை ஆட்டினால் ஏறும் காலடிகள்

கேள்வி: அலுவலகத்தில் நடைப்போட்டி வைத்தோம். சிலர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை ஆட்டி 10,000 காலடி காட்டிவிடுகிறார்கள். காலடி எண்ணும் கைப்பட்டைக்கு இது தெரியாதா?

பதில்: தெரியாது. அதற்குள் இருக்கும் முடுக்கமானி, மணிக்கட்டின் அசைவை மூன்று திசைகளில் அளக்கிறது. விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு என்ற கணக்கில் சீரான அசைவு வந்தால் நடை என்று எடுத்துக்கொள்ளும். ஓரிரு உதறல்களை ஒதுக்குவதற்காக, பல கருவிகள் தொடர்ச்சியாகச் சில காலடிகள் வந்த பிறகே எண்ணத் தொடங்கும். ஆகவே கண்டபடி ஆட்டினால் ஏறாது, நடைத் தாளத்தில் ஆட்டினால் ஏறும். வருத்தம் என்னவென்றால், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து உண்மையாகவே நடப்பவருக்கு மணிக்கட்டு அசையாததால் எண்ணிக்கை குறைந்துவிடும்.

ஆட்டுபவர்களைக் கோபிப்பதைவிட விதியை மாற்றுவது நல்லது. 10,000 என்பதே மருத்துவர்கள் வகுத்த அளவு கிடையாது. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மான்போ-கெய்' என்ற நடைமானியின் பெயருக்குப் பொருள் 'பத்தாயிரம் அடி மானி'. அந்த எண்தான் இன்றுவரை நிலைத்துவிட்டது. பெரியவர் ஒருவர் அத்தனை காலடி வைத்தால் சுமார் 7 கிலோமீட்டர் ஆகும். ஜிபிஎஸ் தூரம் பூஜ்யமாக இருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் டிரெட்மில்லில் நடப்பவருக்கும் பூஜ்யம்தான் வரும். அவருக்கு இதயத்துடிப்புப் பதிவைப் பாருங்கள், உட்கார்ந்து கையாட்டுபவருக்கு அது அவ்வளவாக ஏறாது. முதலிடத்துக்குப் பரிசு தருவதை விட்டுவிட்டு, வாரம் ஐந்து நாள், தினம் 30 நிமிடம் வேகமாக நடந்த எல்லோருக்கும் கொடுங்கள். அதற்கு மேல் எண்ணை ஏற்றி ஆவது ஒன்றுமில்லை என்றால் ஆட்டுவதும் குறையும்.

கேள்வி: மொழிப்பாடச் செயலியில் 200 நாள் விடாமல் தொடர்கிறேன். ஒரு வாக்கியம்கூடப் பேச வரவில்லை.

பதில்: செயலி காட்டும் தொடர் கணக்கு நாட்களைத்தான் எண்ணுகிறது. நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பழைய எளிய பாடத்தையே மறுபடி போட்டாலும் அதற்கு ஒரு நாள்தான். நினைவூட்டலைக் காலைக்கு மாற்றுங்கள். சுவர் நாட்காட்டியில் தனிக் கணக்கு வைத்து, புதிய பாடம் முடித்து அதிலிருந்து மூன்று வாக்கியங்களைப் பார்க்காமல் வாய்விட்டுச் சொன்ன நாளை மட்டும் குறியுங்கள். செயலியின் தொடர் அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: வண்டியின் வேகத்தைக் காட்டும் பலகை வைத்த பிறகு, பையன்கள் அதன் முன்னால் பந்தயம் ஓட்டுகிறார்கள். கழற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். பல பலகைகளில் உச்ச எண்ணுக்கு வரம்பு வைக்கலாம். சாலையின் வேக வரம்பு 40 என்றால், 55-ஐத் தாண்டியதும் எண் மறைந்து 'வேகத்தைக் குறை' என்று மட்டும் வரும்படி அமைக்கச் சொல்லுங்கள்.