உள்ளரங்க மாடல் விமானத்தின் ரப்பர் மோட்டார் (விசிறியைச் சுழற்ற முறுக்கும் ரப்பர் வளையம்) முறுக்கும்போதே அறுந்துவிடுகிறது. எப்படித் தயார் செய்வது?

புது ரப்பர் வாங்கும் முன், தயார் செய்யும் முறையைச் சரிபாருங்கள்.

வெட்டிய பட்டையைத் துல்லியத் தராசில் எடை போடுங்கள். எஃப்1டி என்ற சர்வதேச உள்ளரங்கப் போட்டிப் பிரிவில் மோட்டாருக்கு 0.4 கிராம்தான் உச்சவரம்பு. மேலே ஒட்டியிருக்கும் டால்க் பவுடரை மென்மையான சோப்பு நீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். பட்டையின் இரு முனைகளையும் இணைத்து லூப்பாக (வளையமாக) மாற்றும் முடிச்சை எண்ணெய் தடவும் முன்பே போட வேண்டும். எச்சில் தொட்டு இறுக்கினால் உராய்வில் ரப்பர் காயப்படாது. பிறகு சிலிக்கோன் எண்ணெய், மிக மெல்லியதாக. இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால் போதும், சொட்டக் கூடாது.

அறுவதைத் தடுப்பதில் பெரிய பங்கு அடுத்த வேலைக்கு: பழக்குதல். லூப்பை மெதுவாக நாலைந்து மடங்கு நீளத்துக்கு இழுத்து, சில நிமிடம் பிடித்து, தளர்த்தி ஓய்வு கொடுங்கள். பழகிய ரப்பர் கூடுதல் சுற்றுகளைத் தாங்கும்.

முறுக்கும்போதும் இழுத்துப் பிடித்தே தொடங்குங்கள். பாதிச் சுற்றுகள் ஏறியபின், முறுக்கிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக விமானத்தை நோக்கி வாருங்கள். சுற்று எண்ணிக்கையை மட்டும் நம்பாமல் முறுக்கு விசையைக் காட்டும் டார்க் மீட்டரையும் பாருங்கள். முள் சட்டென ஏறத் தொடங்கினால் எல்லை நெருங்கிவிட்டது. அங்கே நிறுத்தி, சில சுற்றுகளைத் திருப்பி விடுங்கள். இல்லையென்றால் தொடக்க வேகத்தில் விமானம் நேரே கூரையில் போய் முட்டும்.

ஒவ்வொரு முறை முறுக்கும் முன்பும் லூப்பை வெளிச்சத்தில் பிடித்து ஓரங்களைப் பாருங்கள். சிறு கீறல் தெரிந்தாலும் அதை ஒதுக்கிவிடுங்கள். மீதமுள்ளவற்றைக் காற்றுப்புகாத பையில், வெயிலும் சூடும் படாத இடத்தில் வையுங்கள்.