இணைப்புச் சோதனைக்கு ஒரு வரி போதுமா?

மதிப்பிற்குரிய ஐயா,

பெருங்குடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆவணங்கள் எழுதும் பணியில் இருக்கிறேன். ஏஐ ஏஜென்ட்டுகள் (தாமே முடிவெடுத்து வேலை செய்யும் ஏஐ நிரல்கள்) எங்கள் சர்வரோடு வேலை செய்வதற்காக, அவை அழைத்துப் பயன்படுத்தும் 14 டூல்களை எங்கள் குழு உருவாக்கியிருக்கிறது. அவற்றில் மிகச் சிறியது, சர்வருடன் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கும் டூல். அதற்கு உள்ளீடு எதுவும் கிடையாது. ‘சரி’ அல்லது ‘தோல்வி’ என்று மட்டும் சொல்லும். நான் அதற்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். “இதில் எழுத என்ன இருக்கிறது? ‘சர்வர் இயங்குகிறதா என்று சோதிக்கும்’ என்ற ஒரு வரி போதும்” என்று குழுத்தலைவர் திருப்பி அனுப்பிவிட்டார். நான் அதிகமாக எழுதிவிட்டேனா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ஒன்றரைப் பக்கம் அதிகம்தான். ஆனால் உங்கள் குழுத்தலைவரின் ஒரு வரியில் நீளம் குறைவு என்பதல்ல சிக்கல், அது சொல்லும் செய்தியே தவறு. சர்வர் இயங்குகிறதா என்பதை அந்த டூல் சோதிப்பதில்லை. தான் ஓடும் இடத்திலிருந்து அனுப்பிய ஒரு கேள்விக்கு, குறித்த நேரத்துக்குள், மறுமுனையிலிருந்து எதிர்பார்த்த பதில் வந்ததா என்பதை மட்டுமே அது பார்க்கிறது.

கைபேசியில் ஒருவரை அழைக்கும்போது ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்று கேட்டால் இரவில் மறுபடி அழைக்கிறோம். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றால் பத்து நிமிடம் பொறுக்கிறோம். மணி அடித்தும் எடுக்கவில்லை என்றால் வீட்டில் வேறு யாரையாவது கூப்பிடுகிறோம். சர்வரும் இப்படித்தான் பலவிதமாகக் கிடைக்காமல் போகும். சர்வரின் பெயருக்குரிய முகவரியே டிஎன்எஸ் என்ற இணைய முகவரிப் புத்தகத்தில் கிடைக்காமல் இருக்கலாம். இணைப்பு மறுக்கப்பட்டால், பெரும்பாலும் இயந்திரம் உயிரோடு இருக்கிறது, அந்த போர்ட்டில் (இணைப்பு வந்து சேரும் வாசலில்) காத்திருக்க வேண்டிய நிரல்தான் இல்லை என்று பொருள். பதிலே வராவிட்டால், வழியில் ஒரு ஃபயர்வால், அதாவது காவல் நிரல், கேள்வியைச் சத்தமின்றி விழுங்கியிருக்கலாம். 401 என்ற பிழை எண் பதிலாக வந்தால் சர்வர் நன்றாகவே இருக்கிறது, உங்கள் அனுமதிச் சாவிதான் செல்லவில்லை. 503 என்றால் கதவு திறந்திருக்கிறது, ஆனால் உள்ளே இப்போதைக்கு வேலை நடக்கவில்லை. இத்தனையையும் ‘தோல்வி’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டு, அதற்கு ஒரு வரி விளக்கமும் கொடுத்தால், ஏஜென்ட் எதை வைத்து முடிவெடுக்கும்?

ஒரு கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் நிரலை அமெரிக்க நிரலாளர் மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய காலம் தொட்டு, அதன் விடையைப் படித்தவர் ஒரு மனிதர். பல சர்வர்கள் பிங்குக்குப் பதில் தராதபடி அமைக்கப்பட்டிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் எழுந்துபோய்ப் பக்கத்து மேசையில் கேட்பார். ஏஜென்ட்டுக்குப் பக்கத்து மேசை கிடையாது. உங்கள் குழு, ஏஜென்ட்டுகளை டூல்களோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட எம்சிபி முறையைப் பின்பற்றியிருந்தால், டூலின் பெயரும் விளக்கமும் உள்ளீட்டு அமைப்புமே பொதுவாக ஏஜென்ட்டுக்குள் முடிவெடுக்கும் ஏஐ மாடலின் கைக்குப் போகின்றன. நீங்கள் வேறோர் இடத்தில் எழுதி வைத்த ஒன்றரைப் பக்கத்தை அது பார்க்கப்போவதில்லை. அந்த முறைக்கென்றே ஒரு பிங் உண்டு. அதற்கான பதில் வெறும் காலி உறை. எதிர்முனை விழித்திருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை.

சென்ற ஆண்டு ஒரு வாடிக்கையாளருக்காக இதே போன்ற டூலுக்கு நான் எழுதிய விளக்கமும் உங்கள் குழுத்தலைவர் சொன்ன வரியேதான். சாவி காலாவதியான ஓர் இரவில் 401 வந்தது, டூல் அதைத் ‘தோல்வி’ என்றது. ஏஜென்ட் என் வரியை நம்பி, சர்வர் நின்றுவிட்டது என்று முடிவுகட்டி, கையில் இருந்த இன்னொரு டூலால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த சர்வரை மூன்று முறை ரீஸ்டார்ட் செய்தது. ஏஜென்ட்டைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீங்கள் எழுத வேண்டியது ஏறக்குறைய இவ்வளவுதான்: “சர்வரிலிருந்து 5 நொடிக்குள் எதிர்பார்த்த பதில் வருகிறதா என்று பார்க்கும், எதையும் மாற்றாது. ‘சரி’ என்றால் பதில் வந்தது என்று மட்டுமே பொருள். டேட்டாபேஸ் இயங்குவதை அது உறுதிசெய்யாது. ‘தோல்வி’ என்பதால் சர்வர் நின்றுவிட்டதாகக் கொள்ள வேண்டாம். 30 நொடி கழித்து ஒருமுறை முயன்று, மீண்டும் தோற்றால் பயனரிடம் தெரிவிக்கவும். ஒவ்வொரு வேலைக்கு முன்னும் இதை அழைக்க வேண்டாம்.” மாதிரிக்காகத் தமிழில் தந்தேன், இந்த வரிகள் ஒவ்வோர் உரையாடலிலும் மாடலுக்குப் போய் டோக்கனை (மாடல் படிக்கும் சொல்துண்டுகளின் கணக்கை) தின்னும் என்பதால் இதைவிட நீட்ட வேண்டாம்.

அந்த ‘5 நொடி’யை டூலே விதிக்கிறதா என்று நிரலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விதிக்கவில்லை என்றால், வழக்கமான லினக்ஸ் அமைப்பு பதில் தராத முகவரிக்குத் திரும்பத் திரும்ப முயன்று, இரண்டு நிமிடத்துக்கு மேல் கழித்தே கைவிடும். அதற்குள் ஏஜென்ட்டை இயக்கும் நிரல் பொறுமையிழந்து இணைப்பைத் துண்டித்திருக்கலாம்.

மீதியை இரவுப் பணியில் இருப்பவருக்கான கையேட்டில் சேருங்கள். ‘தோல்வி’யோடு காரணத்தையும் டூல் திருப்பித் தர வேண்டும் என்பது நிரலாளர் செய்ய வேண்டிய திருத்தம், ஆனால் அதைக் கேட்டு வாங்க வேண்டியவர் நீங்கள்தான். குழுத்தலைவரிடம் வாதிட வேண்டாம். காலாவதியான சாவியோடு அந்த டூலை அவர் எதிரில் ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள். திரையில் வருவதற்கு அருகில் அவருடைய ஒரு வரியையும் வைத்து, இரண்டையும் அவரையே படிக்கச் சொல்லுங்கள்.